எழுதி வாங்கிய தண்ணீர்

1979 ஜூன் 5, செவ்வாய்

விடாத மழை. பள்ளிக்கூடத்துக்கு லீவு. வீட்டுக்காரர் அ.வுடன் ஹட்டனுக்கு. ஒரே குடையில் இருவர், அவர் நனையவில்லை.

நொத்தாரிஸ் கந்தோர். நாங்கள் வாங்கப்போகும் வட்டவளை வீட்டின் பழைய உறுதிப் பத்திரத்தை நொத்தாரிஸ் படித்தார். விற்கிற வேலு பேரில்தான் இருக்கிறது, சிக்கல் இல்லை என்றார். அ.வின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சான்றிதழையும் பார்த்தார். அப்பாடா என்று இருந்தது. அப்புறம் கேட்டார்:

"வீட்டுக்குப் போற பாதை யாரு நிலத்துல இருக்கு? தண்ணி எங்கேருந்து வருது?"

நான் அ.வைப் பார்த்தேன். அ. என்னைப் பார்த்தார்.

எத்தனை தடவை போய்ப் பார்த்த வீடு! கூரைத் தகரம், அடுப்படியில் புகை போகும் வழி, மழை எந்தப் பக்கம் அடிக்கும், எல்லாம் பார்த்தோம். மாதா படம் மாட்ட இடம்கூடப் பார்த்தாயிற்று. பாதையும் தண்ணீரும் யாருடையவை என்று கேட்கத் தோன்றவே இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களுக்கு எப்படித் தோன்றும்? பாதை தோட்டத்துப் பாதை. பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், குடத்தை வைத்தால் நிறையும்.

நொத்தாரிஸ் சிரித்தார். "தோட்டத்து ஆளுங்க எல்லாரும் இப்படித்தாங்க டீச்சர்." சுருக்கென்றது. ஆனால் உண்மை.

வெள்ளிக்கிழமை கையெழுத்து. இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்து, வேலு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை அடியோடு இந்தியாவுக்குப் புறப்படுகிறது: ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பல். எங்களுக்கும் இழுத்தடிக்க நேரமில்லை. அ. ஸ்டோர் கிளாக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. குவாட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லித் தோட்டத்துத் துரை ஆள்மேல் ஆள் அனுப்புகிறார்.

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய், கயிறு, சாமான் கட்டச் சாக்கு.

ஜூன் 6, புதன்

மழை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் மட்டும் வட்டவளைக்கு. "சும்மா போட்டுக் கிளறாத" என்றார் அ. கேட்கவில்லை.

வேலுவின் மனைவி லட்சுமி தகரப் பெட்டிக்குள் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பாதையைப் பற்றிக் கேட்டேன்.

"மேல் வீட்டு சுமனா அக்கே நிலங்க டீச்சர். ஊத்தும் அவங்களோடதுதான். காலையில பைப்பத் தொறந்துட்டு, 'லட்சுமி, தண்ணி வந்துச்சா?'ன்னு ஒரு சத்தம் போடுவாங்க. 'வந்துருச்சு அக்கே'ம்பேன். அவ்வளவுதான்."

"எழுத்துல இருக்கா?"

"தண்ணியவா எழுதுவாங்க?"

நானே மேலே போய்க் கேட்கிறேன் என்றேன். லட்சுமி முகம் மாறிவிட்டது. "நீங்க போவாதீங்க டீச்சர். நானே பேசிக்கிறேன்."

ஏன் போகக் கூடாது? எல்லைத் தகராறா? திரும்பி வருகிற வழியெல்லாம் இதே நினைப்பு. பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு இறங்கி, கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஜூன் 7, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து நேரே மேல் வீட்டுக்கு. லட்சுமியிடம் சொல்லவில்லை. சுமனா நோனா தனியாக இருக்கிறார். சிங்களவர், வயது அறுபது இருக்கும். நம் தமிழ் நன்றாகப் பேசுகிறார். பிளேன்டீயும் கருப்பட்டியும் கொடுத்தார். பாதைக்கும் தண்ணீருக்கும் ஒரு கையெழுத்து வேண்டும் என்றேன்.

"அதுக்கென்ன, செய்வோம். லட்சுமி சொன்னா சரி. ராகலையில தங்கச்சி வீட்டுக்குத்தானே போறா. மாசம் ஒருக்கா வருவேன்னு சொல்லியிருக்கா."

"ராகலைக்கா? ஞாயித்துக்கிழம இந்தியாவுக்குப் போறாங்களே!"

வாயில் வந்துவிட்டது. பிளேன்டீயும் அந்த முகமும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கின்றன. கோப்பையைக் கீழே வைத்தார்.

"தண்ணி நான் லட்சுமிக்குக் குடுத்தேன். வீட்டுக்குக் குடுக்கல்ல."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கீழே வந்து சொன்னேன். லட்சுமி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "சொல்ல வாய் வரல டீச்சர். எம் ரெண்டு பிள்ளைங்களும் அவங்க கையிலதான் பொறந்துச்சுங்க. கடைசி நாள்ல சொல்லி அழுதுட்டு ஓடிரலாம்னு இருந்தேன்."

நான் எல்லைத் தகராறு என்று நினைத்தேனே!

அரிசி களையக் குழாயைத் திறந்தாள். ஒரு சொட்டு இல்லை.

வேலு என்னையே பார்த்தார். "நாளைக்குக் கையெழுத்து இருக்கா, இல்லியா டீச்சர்? வேற ஆள் தேட எங்களுக்கு நாள் இல்ல." பார்ப்போம் என்று முணுமுணுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அ.வுடன் சண்டை. "ஒன்னய யாரு அங்க போகச் சொன்னா?" சோறு அப்படியே கிடக்கிறது. பயமாக இருக்கிறது. வீடும் போய், அந்தக் குடும்பத்தையும் கெடுத்து.

ஜூன் 8, வெள்ளி

நொத்தாரிஸ் கந்தோர். பெஞ்சில் ஒரு பக்கம் நாங்கள், மறுபக்கம் வேலு. லட்சுமி வரவில்லை.

"விடியிறதுக்கு முன்னாடியே மேல போனா. அவங்க கதவத் தொறக்கல. வாசல்லயே குந்தியிருக்கா, மழையில" என்றார் வேலு.

அ. என் காதில்: "கையெழுத்தப் போடுவோம். தண்ணிய அப்புறம் பாத்துக்கலாம்."

"மாட்டேன்."

வேலு காதில் விழுந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டார். வெறுங்கையோடு கப்பலேறப் போகிறவரிடம் மாட்டேன் என்கிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. ஆனால் பாதையை வேலி மறித்து, குழாயும் காய்ந்துவிட்டால் அது வீடா? எங்களுக்கு இருப்பது இந்த ஒரு வாய்ப்புதான். நொத்தாரிஸ் மணியைப் பார்த்தார். சாப்பிடப் போய்விட்டு வந்தார். மறுபடி மணியைப் பார்த்தார்.

அப்போது படியேறி வந்தார்கள், இருவரும். தெப்பலாக நனைந்து. லட்சுமியின் கண்கள் வீங்கியிருந்தன. மேலே என்ன பேசினார்கள் என்று தெரியாது. கேட்க எனக்கு முகமில்லை.

பாதை, ஊற்று, பைப் எல்லாவற்றையும் சேர்த்து எழுதி, சுமனா நோனாவுக்குச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டார். என் பக்கம் திரும்பினார்.

"இப்ப எழுதியாச்சு. இனி நான் குடுத்த தண்ணி இல்ல. ஒங்க தண்ணி."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

என் தங்கச்சி வீடு வாங்கத் தேடும்போது அவளுக்குச் சொல்ல வேண்டியவை: மழை நாளில் போய்ப் பார். பாதை, தண்ணீர், எல்லை முதலில், கூரை பிறகு. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கு. பக்கத்து வீட்டில் வாயைத் திறக்கும் முன், அங்கே எதைச் சொல்லலாம் என்று விற்பவளிடம் கேட்டுக்கொள்.

ஜூன் 10, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. வட்டவளை ஸ்டேஷன். வேலு குடும்பத்தோடு தகரப் பெட்டிகள், பாய்ச் சுருள், ஒரு அம்மிக் குழவி. அம்மியைத் தூக்க முடியாமல் குழவியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறாள்!

சுமனா நோனா வரவில்லை. லட்சுமி மேட்டுப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் வந்த பிறகுதான் சாவியை என் கையில் வைத்தாள்.

"காலையில அவங்க சத்தம் போட்டா பதில் சொல்லிருங்க டீச்சர். சொல்லாட்டி அங்கேயே நிப்பாங்க."

சரி என்றேன். அழுதேன்.

ஜூன் 12, செவ்வாய்

நேற்று லொறியில் சாமான் வந்து சேர்ந்தது. கண்ணாடி அலமாரியில் ஒரு கண்ணாடி போயிற்று. மாதா படம் மாட்டியாயிற்று.

காலையில் மழை இல்லை. வெள்ளனவே எழுந்து குடத்தோடு குழாயடிக்குப் போய் நின்றேன். திருகினேன். தண்ணீர் உடனே வந்தது. இரவே மேலே திறந்து வைத்திருக்க வேண்டும்.

சத்தம் வரவில்லை. காத்திருந்தேன். மேல் வீட்டில் புகை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. குடம் நிரம்பி வழிந்து காலெல்லாம் நனைந்துவிட்டது.

யாரும் கேட்காமலே, நானாகத்தான் சத்தம் போட்டேன்.

"வந்துருச்சு அக்கே!"