என் காலைத் திருத்த வந்தவள்

11-9-1995, திங்கள்

காலையிலிருந்து நாகப்பட்டினம் லைன் கிடைக்கவில்லை. ஷார்ஜா மட்டும் சுத்தமாகக் கிடைத்தது. கமருன்னிஸா அக்கா கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்காரரிடம் ஏழு நிமிடம் சண்டை போட்டார். வெளியே வந்து, "மனசு லேசாயிடுச்சு சுடரு" என்றார்.

இந்த எஸ்.டி.டி. பூத் ஆரம்பித்து இரண்டு வருடம். ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்தது என்று சிலர் இன்னும் இளக்காரமாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். கீழ்வேளூரில் பாதி இங்கே வந்துதான் அழுகிறது.

12-9-1995, செவ்வாய்

இதை எழுதினால் பைத்தியம் என்பார்கள். யார் படிக்கப் போகிறார்கள்? எழுதுகிறேன்.

மதியம் பூத்தில் ஆள் இல்லை. ஒருத்தி வந்து நின்றாள். என் முகம். என் மூக்கு, மேலுதட்டு மச்சம்கூட. வயது மட்டும் நாற்பதைத் தாண்டியிருக்கும். இரண்டு காலும் நேராக.

"நானும் சுடர்விழிதான். வேற ஒரு உலகத்துல" என்றாள்.

அவள் உலகத்தில் அவளுக்கு இரண்டு வயதில், என் காலை முடக்கிய அந்தப் போலியோ காய்ச்சல் வரவில்லை. படித்திருக்கிறாள். காலத்துக்குள் போய்வர ஒரு இயந்திரம் கட்டியிருக்கிறாள். முதல் வேலையாக, நம் ஆட்களைக் கட்டி வைத்து அடித்த பண்ணைக் குடும்பத்தைப் பிறக்கவே விடாமல் செய்தாளாம். அதோடு நிறுத்தவில்லை. எதிர்த்துப் பேசிய ஊர், பிடிக்காத ஊர் என்று அழித்துக்கொண்டே போயிருக்கிறாள். ரேஷன் கார்டில் பெயர் எடுத்ததைச் சொல்வது போலச் சொன்னாள்.

இப்போது இந்த வேலைக்காக மற்ற உலகங்களில் இருக்கிற சுடர்விழிகளைச் சேர்க்கிறாள். நூற்றுப் பதினேழு பேர் சேர்ந்தாகிவிட்டது. நான் அடுத்தவள்.

"வரமாட்டேன்" என்றேன்.

"மாட்டேன்னு யாரும் சொன்னதில்ல."

"இப்ப சொல்லியாச்சு."

அவள் கோபப்படவில்லை. என் காலைப் பார்த்தாள். "இந்தக் காலோட இருக்கிற நீ வரமாட்டே. காய்ச்சல் கண்ட அன்னிக்கே போயி எங்கிட்ட இருக்கிற மருந்துல ஒரு சொட்டு ஊத்திட்டா, நீ வேற ஆளா வளருவே. அவ வருவா. தேதிய மட்டும் சொல்லு."

தேதி எனக்கே தெரியாது. அம்மா சொன்னதில்லை. தேதி இல்லாமல் அவளால் முடியாது. தன் உலகத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் பின்னால் போகலாமாம். அடுத்தவர் உலகத்தில் போனால், ஒரு தடவைக்குப் பதினைந்து வருடம் உடம்பு மூத்துவிடுமாம்.

13-9-1995, புதன்

அவ யாரு என் காலைப் பத்திப் பேச? இந்தக் காலோடதான் பன்னெண்டாவது எழுதினேன். இந்தப் பூத்துக்காகப் பதினோரு தடவை கலெக்டர் ஆபீஸ் படி ஏறினேன். திருத்துறாளாம்.

14-9-1995, வியாழன்

அம்மாவிடம் போய்விட்டாள். கமருன்னிஸா அக்காதான் வந்து, "உன்ன மாதிரியே ஒருத்தி உங்க வீட்டுல இருக்கா, யாரு, சித்தியா?" என்று கேட்டார். பூத்தைப் பூட்டிக்கொண்டு மூன்று சக்கர சைக்கிளில் ஓடினேன்.

வாசலில் அம்மா அவளை நடக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிபம்பு வரை போய்த் திரும்பி வந்தாள் அவள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

அவள் போன பிறகு சண்டை.

"தேதி ஞாபகம் இருக்கா உனக்கு?"

"இருக்கு."

"சொல்லிட்டியா?"

"நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ ரெண்டு கால்ல நடக்கிறதப் பாத்துட்டுச் சாவுறேனேடி" என்றாள்.

"நடக்கப் போறது நான் இல்லம்மா. நான் இருக்கவே மாட்டேன். இப்ப உங்கிட்ட கத்திக்கிட்டு இருக்கிறவ இருக்க மாட்டா."

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

உனக்கு நான் வேணுமா, என் காலு வேணுமா - கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனா கேட்டுட்டேன்.

15-9-1995, வெள்ளி

அவள் வந்தபோது இரும்புச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிப் பாயில் உட்கார்ந்திருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

அம்மா தேதியைச் சொல்லும் முன் ஒன்று கேட்டாள். "உங்க அம்மா எப்படியிருக்கா?"

"இல்ல."

"செத்துட்டாளா?"

"நான் பண்ணுனது பிடிக்கலன்னு குறுக்க நின்னாங்க. என்னப் பெத்த மறுநாளுக்குப் போயி அழிச்சுட்டேன்."

அம்மா என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தேதி மறந்துபோச்சு. நீ கிளம்பு."

"பொய் சொல்றீங்க."

"ஆமா" என்றாள் அம்மா.

17-9-1995, ஞாயிறு

நடவு நேரத்துக் காய்ச்சல் என்று ஊரில் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்து ஒரு தேதியை ஊகித்துக்கொண்டு போனாள். பூத் வாசலில் நின்றவள் மறைந்தாள். நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அதே இடத்தில் திரும்ப நின்றாள். தலை முழுக்க நரை.

காலைத் தொட்டுப் பார்த்தேன். அதே கால்.

"தப்பான தேதி போல" என்றேன். 

18-9-1995, திங்கள்

இன்றும் ஒரு தேதிக்குப் போனாள். கூன் விழுந்து திரும்பினாள். பூத் படியில் தடுமாறி விழப் போனவளைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். எலும்புதான் கையில் பட்டது.

"இன்னொரு தடவ போனா செத்துருவீங்க. எதுக்கு இவ்வளவு பிடிவாதம்?"

"நீ ஒருத்தி மாட்டேன்னு சொன்னது தெரிஞ்சா மத்தவளுங்களும் யோசிப்பாளுங்க" என்றாள். மூச்சு வாங்கியது. "தேதிய சொல்லு."

"மாட்டேன். போயி அவங்ககிட்ட சொல்லுங்க, கீழ்வேளூர்ல ஒருத்தி மாட்டேன்னு சொன்னான்னு."

அம்மா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். பாதியை எடுத்து அவளுக்கு வைத்தாள். எனக்கு ஆத்திரம். "பசியோட உக்காந்திருக்கா, என்ன செய்யச் சொல்றே?" என்றாள் அம்மா. அவள் பருக்கை விடாமல் சாப்பிட்டாள். கை கழுவ எழுந்து போனவள் திரும்பி வரவில்லை.

3-10-1995, செவ்வாய்

இன்றும் வரவில்லை. எழுந்ததும் காலைத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

20-11-1995, திங்கள்

மூன்று நாளாக மழை. டெலிபோன் கம்பி அறுந்து பூத் மூடியிருக்கிறது. அம்மா காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே, நான் கேட்காமலே ஆரம்பித்தாள்.

எனக்குக் காய்ச்சல் கண்ட அன்றைக்கு நடவு. வரப்பில் என்னைப் படுக்க வைத்திருந்தாள். உடம்பு கொதித்தது. கரையேறிப் போகிறேன் என்று கேட்டதற்கு, வயல் முடியாமல் ஏறக் கூடாது என்று பண்ணைக் காரியக்காரர் சொல்லிவிட்டார். பொழுது சாய்ந்துதான் தூக்கினாளாம்.

"நான் மீறி ஏறியிருக்கணும் சுடரு."

"அவன் விட்டிருக்கணும்மா."

அம்மாவின் கை நின்றது. இத்தனை வருடத்தில் அவளிடம் இதை யாருமே சொன்னதில்லை போலிருக்கிறது. அழுதாள். பிறகு மறுபடி தேய்த்தாள். தேதி, கிழமை, அன்றைக்குத் தூறல் போட்டது, எல்லாம் சொன்னாள்.

இந்த நோட்டில் எல்லாவற்றுக்கும் தேதி போட்டிருக்கிறேன். அதை மட்டும் எழுதப் போவதில்லை.