கருப்பராயன் காவலில் எங்கள் வீதிச் சாவிகள்

அனுப்புநர்
கி. நூர்ஜான்,
(க/பெ காலஞ்சென்ற கியாசுதீன்)
அல்ஃபியா பவர் டேபிள்,
வேப்பங்காட்டுத் தோட்டம் இரண்டாம் வீதி,
திருப்பூர்.

பெறுநர்
உயர்திரு உதவி ஆணையர் அவர்கள்,
வேப்பங்காட்டுத் தோட்டம் வட்டார அலுவலகம்,
திருப்பூர்.

பொருள்: சாக்கடைப் பணிக்காக அகற்றப்படவுள்ள கருப்பராயன் கோயிலை எனக்குச் சொந்தமான இடத்தில் மாற்றி வைக்க அனுமதி கோரியது – "மனுதாரர் அந்த நம்பிக்கையைச் சார்ந்தவர் அல்லர்" எனக் குறிப்பிட்டு மனு திருப்பப்பட்டது – மறுபரிசீலனை செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகார் மனுவாக இருந்தாலும் இதை நன்றியில்தான் தொடங்க வேண்டும். அதைச் சொல்லாமல் குறையை மட்டும் எழுதினால் எனக்குத் தூக்கம் வராது.

1. மேற்படி வீதியில் குழந்தைகள் பனியன் தைத்துக் கொடுக்கும் சிறு கம்பெனி நடத்தி வருகிறேன். ஒவ்வொரு மழைக்கும் சாக்கடைத் தண்ணீர் கம்பெனிக்குள் புகுந்து, அயர்ன் செய்து அடுக்கிய பனியனில் கறை ஏற்றிவிடும். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சலித்துப்போன சங்கதி அது. தாங்கள் பொறுப்பேற்ற பிறகுதான் எங்கள் வீதிக்குச் சாக்கடைப் பணி வந்தது. தாங்கள் நன்றாக இருக்க வேண்டும் ஐயா.

2. சாக்கடை போகும் தடத்தில் வேப்பமரத்தடியில் கம்பிக் கதவு போட்ட சிறிய கருப்பராயன் கோயில் இருப்பது தங்களுக்குத் தெரியும். பக்கத்துக் கம்பெனி நஞ்சப்பன் அண்ணன் குடும்பத்தார் கும்பிடும் சாமி அது. பணி தொடங்குவதற்கு முந்தைய மாலை அலுவலக ஊழியர்கள் வந்து, யாரும் உள்ளே போகக்கூடாது என்று கதவுக்குப் பூட்டுப் போட்டு அறிவிப்பு ஒட்டிச் சென்றார்கள். உள்ளே சாமிக்குப் பின்னால் பலகையில் தொங்கிய சாவிகளை நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

அவை நேர்த்திக்கடன் அல்ல. எங்கள் வீதியிலுள்ள எல்லாக் கம்பெனிகளின் சாவிகளும் அவைதான்.

3. வெளியாட்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும் என்பதால் விளக்குகிறேன். ஒருமுறை நஞ்சப்பன் அண்ணனின் கட்டிங் மாஸ்டர் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெள்ளகோவிலில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். சரக்கு ஏற்ற வந்த வேன் பகல் முழுக்க வாசலில் நின்றது. அன்று எரிச்சலில் அண்ணன், "இனிமே இந்தச் சாவி எவன் பையிலும் இருக்க வேண்டாம், கருப்பராயங்கிட்டயே இருக்கட்டும்" என்று மாட்டிவிட்டார். அதைப் பார்த்து ஒவ்வொருவராக நாங்களும் மாட்டினோம். காலையில் முதல் பஸ்ஸில் யார் வந்து இறங்குகிறார்களோ அவர்கள் சாவிகளை எடுத்து எல்லாக் கம்பெனியையும் திறந்து, லைட்டைப் போட்டு, சாவியைத் திரும்ப மாட்டிவிடுவார்கள். பொங்கலூர்க்காரர் திறப்பார், பீகார்க்காரரும் திறப்பார். இன்றுவரை ஒரு பாபின்கூடக் காணாமல் போனதில்லை.

4. எனவே மறுநாள் காலையில் வீதியே வெளியில் நின்றது. நஞ்சப்பன் அண்ணன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவரும், கோயிலுக்கு விளக்கேற்றுபவருமான வேலாத்தாள் அக்கா, "சாமியப் பூட்டுனதுகூடப் பரவால்லீங்க, எங்களையுமல்லோ சேத்துப் பூட்டிப்போட்டீங்க!" என்று ஊழியர்களிடம் சத்தம் போட்டார். அந்தச் சத்தத்துக்கு அவர் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் தகவல் தெரிந்ததும் நேரில் வந்து, பூட்டைத் திறக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தங்கள் கையாலேயே சாவிகளை எடுத்து ஒவ்வொருவரிடமும் கொடுத்தீர்கள். என் சாவியைத் தரும்போது, "உங்களுதும் இங்கதானாம்மா?" என்று கேட்டுச் சிரித்தீர்கள். சாமியை மாற்றி வைக்க மாதக் கடைசி வரை அவகாசமும் தந்தீர்கள். ஒரு அதிகாரி இப்படி நடந்துகொண்டு எங்கள் வீதி பார்த்ததே இல்லை.

5. நஞ்சப்பன் அண்ணன் கம்பெனி முன்னால் ஒரு அடி இடம்கூடக் கிடையாது. பக்கத்துக் கட்டடங்கள் எல்லாம் வாடகைக் கட்டடங்கள். என் கம்பெனிச் சுவருக்கும் வீதிக்கும் நடுவே மட்டும் என் பேரில் பட்டா உள்ள கொஞ்சம் இடம் இருக்கிறது. அங்கே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வேலாத்தாள் அக்கா, "நெசமாத்தான் சொல்றயா கண்ணு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஜமாஅத் தலைவர் ரஷீத் பாய் காதுக்கும் செய்தி போனது. "என்னம்மா, கருப்பராயனுக்கு இடம் குடுக்கறயாமே?" என்றார். "சாவிக்கு இடம் குடுக்கறனுங்க. இத்தனை நாள் சாவியப் பாத்துக்கிட்டவர மட்டும் வெளிய நில்லுன்னா நல்லா இருக்குமாங்க?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, ஆட்சேபம் இல்லை என்று கடிதமே எழுதித் தந்தார்.

6. இவ்வளவும் ஆன பிறகு, தங்கள் அலுவலகத்தில் என் மனு "மனுதாரர் அந்த நம்பிக்கையைச் சார்ந்தவர் அல்லர்" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. எழுத்தர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்தார். "நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா யாருங்க பதில் சொல்றது?" என்றார். பயப்படுவது அவர் வேலை, அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த வரியைப் படித்தபோது வருத்தமாக இருந்தது, ஐயா. கொஞ்சம் கோபமும் வந்தது என்பதே உண்மை.

7. எழுத்தர் எந்தப் பொருளில் எழுதினாரோ அந்தப் பொருளில் அது சரிதான். நான் கருப்பராயனைக் கும்பிடுவதில்லை. தொழுகிறவள் நான், என் ஈமானில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. எங்கள் வெள்ளிக்கிழமைப் பயான் உரையிலும் "நம்பிக்கை கொண்டவர்களே" என்றுதான் அழைக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் பள்ளிவாசலிலும் கோயிலிலும் மட்டும் புழங்குவதாக இருந்தால் இந்த ஊரில் ஒரு பனியன்கூடத் தைத்து முடியாது. நூல்காரர் ஒரு போனில் மூட்டைகளை இறக்கிவிட்டு, "நம்பிக்கைதானுங்க" என்கிறார். எங்கள் அயர்ன் மாஸ்டர் தங்கள் ஊர்ப் பண்டிகையான சட் பூஜைக்குப் பீகார் ரயில் ஏறும்போது, தமிழில் தனக்குத் தெரிந்த நாலைந்து சொற்களில் ஒன்றாக, "நம்பிக்கை, அக்கா" என்றுவிட்டுப் போகிறார். திரும்பி வருவேன், என் டேபிளை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதே என்று அதற்கு அர்த்தம். என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருந்தபோது, டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் "நம்பிக்கையோட இருங்க" என்றார். தன்னிடம் சொல்ல வேறெதுவும் இல்லை என்பதை அவர் அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. தங்கள் அலுவலகக் காகிதத்தில் மட்டும் அது ஒரு கட்டமாக இருக்கிறது. ஒருவர் ஒன்றில்தான் டிக் போட முடியும்.

8. இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மவுத்தான பிறகு நான் இத்தா இருந்தேன். கணவரை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் முடியும்வரை வாசலைத் தாண்டக்கூடாது என்பது எங்கள் மார்க்கம். கம்பெனி அவ்வளவுதான், மெஷின்களை விற்றுவிட வேண்டியதுதான் என்று படுத்த இடத்திலேயே முடிவுசெய்துவிட்டேன். சாவி எங்கே என்று கேட்டு ஒருவர்கூட எனக்குப் போன் செய்யவில்லை. வேலாத்தாள் அக்கா தினமும் கருப்பராயனிடமிருந்து என் சாவியை எடுத்துத் திறந்திருக்கிறார். நஞ்சப்பன் அண்ணன் தன் ஆர்டரோடு சேர்த்து என் ஆர்டரையும் பார்த்து அனுப்பியிருக்கிறார். இத்தா முடிந்து போனபோது மெஷின்கள் எண்ணெய் போட்டு ஓடிக்கொண்டிருந்தன. என் சாவி அதே ஆணியில் தொங்கியது. சாமிக்கு வைத்த பூவில் ஒரு துணுக்கு அதன் வளையத்திலும் செருகியிருந்தது. வீதியில் நின்று அழுதேன். என் மார்க்கத்தை நான் முழுசாகக் கடைப்பிடிக்க முடிந்தது, அந்தப் பலகையில் என் சாவி இருந்ததால்தான். அந்த நம்பிக்கையை நான் சார்ந்தவள் இல்லை என்றால், வேறு யாரைத்தான் ஐயா சார்ந்தவர் என்பது?

9. மாதக் கடைசிக்குள் அனுமதி கிடைக்காவிட்டால் சாமியைத் தன் பொங்கலூர்த் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுவதாக நஞ்சப்பன் அண்ணன் சொல்லிவிட்டார். சாமி எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கும். நாங்கள்தான் அவரவர் சாவியை அவரவர் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அப்புறம் அடுத்த கம்பெனி திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஆகவே, என் மனுவை ஏற்று, மேற்படி இடத்தில் கருப்பராயன் கோயிலை மாற்றி வைக்க அனுமதி தருமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பூசை உரிமை நஞ்சப்பன் குடும்பத்தாருக்கே. வீதிப் பக்கம் ஒரு செங்கல்கூட நீளாது, ஒலிபெருக்கி கட்டமாட்டோம். நானோ என் மகள் அல்ஃபியாவோ பின்னாளில் ஆட்சேபிக்கமாட்டோம் என்று பத்திரத்தில் எழுதித் தரவும் தயார். இந்த மனுவால் எழுத்தருக்கு ஒரு கேள்விகூட வரக்கூடாது என்பதும் என் வேண்டுகோள். அவர் வாங்கிக் கொடுத்த டீ இன்னும் நினைவில் இருக்கிறது.

இடம்: திருப்பூர்
நாள்: 18.11.2024

தங்கள் பணிக்கு என்றும் நன்றியுள்ள,
(ஒப்பம்) கி. நூர்ஜான்

இணைப்பு:
அ) இடத்தின் பட்டா நகல்.
ஆ) நஞ்சப்பன் அவர்களின் சம்மதக் கடிதம்.
இ) ஜமாஅத் தலைவரின் கடிதம்.
ஈ) என் கம்பெனிச் சாவி ஒன்று. இடத்தைப் பார்வையிட எப்போது வேண்டுமானாலும் வரலாம். நான் இல்லாவிட்டாலும் திறந்து பாருங்கள். பார்த்து முடித்ததும் சாவியை எனக்கு அனுப்பிவைக்க வேண்டாம். எங்கே மாட்ட வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியும்.