வளையல் கழட்டுற நேரம்

மாமாவுக்கு,

நேர்ல சொன்னா சிரிப்பீங்க. அதான் எழுதிச் சோத்துப் பையில வெச்சிருக்கேன். நாமக்கல்லத் தாண்டுனதும் படிங்க.

திங்கக்கெழமை காலைல எங்க நர்சிங் காலேஜ்ல எனக்கு ஐசியூ போஸ்டிங் ஆரம்பிக்குது. நகம் வெட்டிட்டேன். வென்டிலேட்டர் அலாரம் எதெதுக்கு அடிக்கும்னு மனப்பாடம் பண்ணிட்டேன். பயமெல்லாம் ஒண்ணுமில்லீங்க.

வளையல் போட்டிருந்தா கிருமி தங்குமாம், உள்ள விடமாட்டாங்க. "தாலி கட்டிக்கிட்டவ வெறுங்கையோட நிக்கலாமா? எம்பையன் லாரி ஓட்டறானே சாமி"ன்னு அத்தை ஒரே அழுகை. அதெல்லாம் மூடநம்பிக்கைன்னு நாந்தான் சத்தம் போட்டேன்.

திங்கக்கெழமை காலைல நாக்பூர் ரோட்டுல எங்க இருந்தாலும், வண்டிய ஓரங்கட்டிட்டு என்னைக் கூப்பிடுங்க. நீங்க பேசிக்கிட்டு இருக்கறப்பவே கழட்டிடறேன்.

இப்படிக்கு,
எதையும் நம்பாத உங்க நர்ஸம்மா