அப்பா நீட்டிய வலது கை

அன்பு மகள் அமுதவள்ளிக்கு, கிள்ளானிலிருந்து அம்மா எழுதுவது. மாரியம்மன் தயவில் இங்கே நான், அப்பா, பேத்தி மூணு பேரும் சுகம், அங்கே மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதான் எழுதுகிறேன், அஞ்சாம் வகுப்பு எழுத்து, பொறுத்துப் படி.

உன் மகள் விஷ்ணுப்ரியா நம் வீட்டுச் செம்புக் குடம் ரெண்டையும் காலேஜுக்குக் கேட்டாள், புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தேன். போன ஞாயிறு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஹாலில் அதை வைத்து எங்களைக் கூப்பிட்டாள். பக்கவாதம் வந்து எட்டு மாசமா அப்பா வெளியே இறங்கவில்லை, உனக்குத் தெரியும். உணர்ச்சி போன வலது கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொள்வார், டாக்டர் சொன்ன பயிற்சியும் கிடையாது, லோரி ஓட்டின கை செத்துப்போச்சு விடு என்பார். பேத்திக்காகத்தான் வந்தார். குடத்தில் வயர் மாட்டியிருக்கிறாள், ஆளுக்கொரு குடத்தைத் தொட்டுக்கொண்டு மிச்சக் கையைக் கோர்த்தால் பாட்டு வருது, இறுக்கினால் சத்தம் கூடுது. சின்னப் பிள்ளைகள் ஒருத்தர் கன்னத்தை ஒருத்தர் தட்டி வாசித்துச் சிரிக்கிறார்கள். எங்களையும் பிடிக்கச் சொன்னாள். ஊர் முன்னாலயா, தாலி கட்டின அன்னைக்குப் பிடிச்சது போதும் என்றார் அப்பா. வெட்கப்படாதீங்க லா தாத்தா என்றாள். அவள் கெஞ்சலுக்காக நல்ல கையைக் குடத்தில் வைத்தார், மிச்சம் அந்தக் கைதான். நானே துண்டுக்குள் கையை விட்டுப் பிடித்தேன். குடம் வீணை மாதிரி பாடுச்சு அமுதா. அவர் என்னையே பார்த்தார், நீ தொட்டது தெரியல, ஆனா கேக்குது என்றார். அப்புறம் மெதுவாக விரலை மடக்கினார், சத்தம் ஏறிச்சு. வரிசையில் நின்ற ஒருத்தி, அங்கிள் எங்களுக்கும் கொஞ்சம் விடுங்க என்று கேட்டும் விடவில்லை.

இப்போ குடம் ரெண்டும் நம் வீட்டு ஹாலில்தான், தண்ணி பிளாஸ்டிக் வாளியில். தினமும் தேத்தண்ணி குடித்ததும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார், சோறு அடுப்பில் என்றாலும் விடுவதில்லை. உணர்ச்சி இன்னும் வரலை, பிடி வந்திருக்கு, நேற்று தம்ளரைக் கீழே போடாமல் தூக்கினார். குடத்தில் வயர் மாட்டுற இந்தப் படிப்பு சோறு போடுமா என்று நீ கேட்டாய், நானும்தான் கேட்டேன். அந்தப் பிள்ளையை எங்களிடம் விட்டதற்கு உங்கள் ரெண்டு பேருக்கும் கோடி கும்பிடு, அவளுக்குப் போன் போட்டு நாலு நல்ல வார்த்தை சொல்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், அம்மன் உங்களைக் கண் போலக் காக்கட்டும், நூறு வயசு இருங்கள். தீபாவளிக்கு வரும்போது ஏர்போர்ட்டில் அப்பா வலது கையைத்தான் நீட்டுவார். இறுக்கிப் பிடிப்பார், வலித்தால் அடக்கிக்கொள்ளாதே, வாய்விட்டுச் சொல். கைக்குத் தெரியாததைக் காதால் கேட்கத்தான் காத்திருக்கிறார்.

உன் அம்மா,
சீதாலெட்சுமி தம்புசாமி