பத்து நிமிடத்தில் கறுத்த மருதாணி

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் வாலு வணக்கத்தோடு எழுதுவது. மூட்டுவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். முகத்தைத்தான் வெளியே காட்ட முடியவில்லை.

நான் அனுப்பிய தலைச்சாயப் பொடியைத் தூக்கிப் போடுங்கள் என்று போனில் சொன்னேனே, காலாவதி என்றது பொய். பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான்.

என் அறையில் இருக்கும் டிரைவர் அண்ணனைப் போனில் பார்த்த அவர் மகள், "அப்பா, நீ தாத்தா ஆயிட்டே" என்றாளாம். சலூனில் தலை கழுவுகிற நான்தான் பெரிய நிபுணனாயிற்றே! 'மூலிகை மருதாணி' என்று போட்டிருந்த, உங்களுக்கு அனுப்பிய அதே பொடியைக் குழைத்தேன்.

"ஒண்ணும் ஆகாதுல்லடா?"

"இலைதாண்ணே, ஆடே திங்கும்!"

காதுக்குப் பின்னால் துளி தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்பது கடையில் தினம் கேட்கிற பாடம். செய்யவில்லை.

பத்தே நிமிடத்தில் அவர் முடி கறுத்தது. மறுநாள் அவர் நெற்றி வீங்கிக் கண் மூடிக்கொண்டது. கறுத்தது என் முகம். மருத்துவர் மருந்து கொடுத்தார், வீக்கம் வடிகிறது.

"மருதாணி செவக்கத்தான் செய்யும். நிமிஷத்துல கறுத்தா உள்ள ரசாயனம்டா, மண்டு!" என்றார் சலூன் முதலாளியம்மா.

அண்ணனின் வீங்கிய முகத்தைப் போனில் பார்த்து மகள் அழுதாள். "தேனீ கொட்டிருச்சுடா கண்ணு" என்றார் அண்ணன். பக்கத்தில் நின்ற என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இரண்டு அறை விட்டிருக்கலாம்.

அம்மா, எனக்கு உங்கள் படம் ஒன்று அனுப்புங்கள், நரையோடு.

நெற்றியில் களிம்பு தடவ அண்ணன் கூப்பிடுகிறார். வேறு யாரையும் தொட விடமாட்டேன் என்கிறார். போகிறேன்.

உங்கள் வாலு