நோரீனுக்கென்று விட்ட இடம்

மெக்கீஸ்போர்ட், பென்சில்வேனியா
செப்டம்பர் 10, 1994

அன்புள்ள நோரீன்,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததுமே உறையைப் பிரிக்காமல் குப்பையில் போடத் தோன்றியிருக்கும். போடாததற்கு நன்றி. தொலைபேசியில் இரண்டு தடவை கூப்பிட்டேன், இரண்டு தடவையும் வைத்துவிட்டாய். அதனால்தான் விவாகரத்தாகி எட்டு வருஷத்துக்குப் பிறகு காகிதத்தை எடுத்தேன்.

நம் ஜூடி போன மாதம் வந்திருந்தாள். "அம்மாவுக்கு அந்த அரிசோனா வெயில் நல்லா ஒத்துக்கிச்சுப்பா, முகமே தெளிஞ்சு போச்சு" என்றாள். என்னை விட்டுப் போனதாலா, வெயிலாலா என்று கேட்கவில்லை. பயம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். தொண்டையில் ஒரு கட்டி. நல்ல கட்டி இல்லை. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர், அக்டோபர் பத்தொன்பதில். "அப்புறம் பேச்சு?" என்றேன். "எழுதிக் காட்டலாம் மிஸ்டர் சபோல்" என்றார். பேசவேண்டிய நேரத்தில் பேசாதவனுக்கு இது போதும் என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கு நான்கு நாள் முன்னால், பதினைந்தாம் தேதி சனிக்கிழமை, நம் ஊர் ஸ்லோவாக் மன்றத்தில் எங்கள் பாட்டுக்குழுவின் கடைசி நிகழ்ச்சி. டாக்டர் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறார். எந்தப் பாட்டு என்று உனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடத்துப் பின்படிக்கட்டில், எதிரொலி நன்றாக வருகிறது என்று நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து கட்டிய பாட்டு. எனக்குப் பதினேழு, உனக்குப் பதினாறு. பெயரும் உன் பெயர்தான்.

கூட்டம் இன்னும் குறையவில்லை, தெரியுமா? பேரன் பேத்தி எடுத்த பெண்கள் பழைய பாவாடையை இடுப்பில் ஏற்ற முடியாமல் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். நடுவில் இசை அடங்கி நான் வசனம் பேசும் இடம் இருக்கிறதே, "நோரீன், கேக்குதா?" என்று, அங்கே மண்டபத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் "கேக்குது, ஜீன்!" என்கிறார்கள். போன தடவை நடக்க முடியாத ஒருத்தி, ஊன்றி நடக்கும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று சொன்னாள்.

வா, நோரீன். இந்தக் குரல் இருக்கும்போதே ஒரு தடவை வந்து கேட்டுவிட்டுப் போ. வாசலில் உன் பெயரைச் சொன்னால் முன்வரிசையில் உட்காரவைப்பார்கள்.

உன்
ஜீன்


டூசான், அரிசோனா
செப்டம்பர் 21, 1994

அன்புள்ள ஜீனுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லப்போவதைக் கேட்டுக் கல்நெஞ்சுக்காரி என்று நீ நினைக்கக் கூடாது. ராத்திரியில் தேன் கலந்த வெந்நீர் குடி. உன்னோடு பாடுகிற அந்த எடி கொடுக்கிற சிகரெட்டைத் தொடாதே. இந்த வயதிலும் அவன் சொன்னதற்கெல்லாம் நீ தலையாட்டுவாய்.

நான் சௌக்கியம். பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசை வேலை. இங்கே நம் ஊர்போல மாதா கோயிலில் வெள்ளிக்கிழமை மீன்வறுவல் கிடையாது, கல்யாணத்தில் சொந்தக்காரப் பெண்கள் சுட்டுக் கொண்டுவந்து நிரப்பும் பிஸ்கட் மேசை கிடையாது. ஒரு கல்யாணத்தில் வெறும் கேக்கை மட்டும் வைத்தார்கள், எனக்கு அவமானமாக இருந்தது.

நான் வரமாட்டேன், ஜீன்.

கடையில் நான் தக்காளி பொறுக்கும்போதுகூட அந்தப் பாட்டைப் போடுகிறார்கள். பில் போடும் பெண் நெஞ்சில் கைவைத்து, "ஐயோ, என்னமா உருகுறான் பாருங்க! அந்த நோரீன் குடுத்து வச்சவ" என்பாள். நான் மிச்சச் சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அந்தப் பாட்டில் இருக்கிறவளுக்கு என்றைக்கும் பதினாறு. அவளிடம் நீ கேள்வி கேட்பாய், அவள் வாயே திறக்கமாட்டாள், இசைதான் ஓடும். அப்படிப்பட்டவளோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

எண்பத்தைந்து கோடையில் ஒரு சனிக்கிழமை, நீ கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டிருந்தாய். "ஜீன், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். "வந்து பேசலாம் செல்லம், எடி ஹாரன் அடிக்கிறான் பாரு" என்று கிளம்பிப் போனாய். அன்றைக்குக் காலையில்தான் என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருந்தது. அந்த ராத்திரி நீ நியூ ஜெர்சிக் கடற்கரையில் மண்டபம் நிறைய இருந்த பெண்களிடம் "நோரீன், கேக்குதா?" என்று கேட்டிருப்பாய். திங்கட்கிழமை நான் பஸ் பிடித்துத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். என்ன சொல்ல வந்தாய் என்று நீ கடைசிவரை கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் கிளம்பிவிட்டேன்.

உன் ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

அன்புடன்
நோரீன்


மெக்கீஸ்போர்ட்
அக்டோபர் 1, 1994

நோரீன்,

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் தெரியாமல் இருந்ததுதான் என் குற்றம் என்பதும் இப்போது புரிகிறது.

எடியிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. "முட்டாப்பயலே, என் பொண்டாட்டிக்கே தெரியும்டா அது! ஆஸ்பத்திரி வாசல்ல நோரீனைப் பாத்திருக்கா. 'ஜீன்கிட்ட சொல்லாதீங்க, பாட்டுக்குப் போற எடத்துல மனசு கெட்டுடும்'னு உன் பொண்டாட்டி கெஞ்சுனாளாம். உனக்குப் போய் அப்படி ஒருத்தி!" என்று கத்திவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாளாக ஒத்திகைக்கு வரவில்லை.

ஒன்று சொல்கிறேன், சமாதானமாக எடுத்துக்கொள்ளாதே. அந்தப் பெண்கள் எனக்காக வருவதில்லை. வழுக்கைத் தலையும் தொப்பையுமாக நிற்கிறவனைப் பார்க்க யார் வருவார்கள்? தங்கள் பதினாறு வயதைத் தேடி வருகிறார்கள். வீட்டில் யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன், பதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வீடுகளில் இருந்த ஊமைப் புருஷன்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். என் வீட்டிலும் அதே கதைதான் என்று எனக்கு உறைக்கவில்லை.

மன்னிப்பைக் காகிதத்தில் எழுதினால் சின்னதாகத் தெரிகிறது. வாயால் கேட்க எனக்கு இன்னும் இரண்டரை வாரம் இருக்கிறது. வா.

ஜீன்


டூசான்
அக்டோபர் 7, 1994

அன்புள்ள ஜீன்,

கிளினிக்கில் லீவு கிடைக்காது. கிடைத்தாலும் வருவதாக இல்லை. மன்னிப்பை நீ கேட்டதாகவும் நான் கொடுத்ததாகவும் வைத்துக்கொள். எடியோடு சண்டை வேண்டாம், அவன் இல்லாமல் உனக்குக் கீழ்க்குரல் பாட ஆள் கிடையாது.

நன்றாகப் பாடு.

நோரீன்


மெக்கீஸ்போர்ட்
அக்டோபர் 17, 1994

அன்புள்ள நோரீன்,

நாளை மறுநாள் ஆபரேஷன். அதற்கு முன் சனிக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. குரல் கரகரத்தது, மேலே போகும் இடங்களை எடியின் மருமகன் பாடினான். வசனம் வந்ததும் நான் கையைத் தூக்கி இசையை நிறுத்தச் சொன்னேன். "இத்தனை வருஷமா நீங்க எல்லாரும் எனக்குப் பதில் சொன்னீங்க. உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கேன். இன்னிக்கு மட்டும் யாரும் பேசாதீங்க. இந்த எடம் ஒருத்தியோடது. அவ இங்க இல்ல. இருந்தாலும் அவளுக்கே விட்டுடுவோம்" என்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "நோரீன், கேக்குதா?" என்று கேட்டேன்.

அத்தனை பெரிய மண்டபம், ஒரு இருமல்கூட இல்லை. பின்னால் கோட்டு மாட்டும் பக்கம் யாரோ ஒருத்தி மட்டும் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்துவிட்டாள் போலிருக்கிறது, பக்கத்தில் இருந்தவர்கள் உடனே அடக்கிவிட்டார்கள். நல்ல ஜனங்கள். நான் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மிச்சத்தைப் பாடினேன்.

அந்த அமைதிதான் உன் பதில் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குக் கோபமில்லை, நோரீன். நியாயமான பதில்தான். இனி உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். உனக்கு நல்லதே நடக்கட்டும்.

ஜீன்


டூசான்
அக்டோபர் 24, 1994

என் அன்பு ஜீன்,

ஜூடி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள், நீ சிலேட்டில் எழுதி நர்ஸைச் சிரிக்கவைக்கிறாய் என்றாள். மனசுக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு உன் கடிதத்தைப் பிரித்தேன்.

கோட்டு மாட்டும் பக்கம் வாயைத் திறந்தவள் நான்தான்.

வரமாட்டேன் என்று எழுதிய கையோடு விமான டிக்கெட் வாங்கினேன். வாசலில் என் பெயரைச் சொல்லவில்லை, எல்லாரையும் போலப் பணம் கட்டிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண். கைப்பையிலிருந்து வீட்டில் செய்த பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாள், "புதுசா வர்றீங்களா? அந்த நடு எடத்துல நாம எல்லாரும் கத்தணும், கூச்சப்படாதீங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது.

நீ பாட ஆரம்பித்தாய். கடையிலும் காரிலும் வானொலியிலும் கேட்டுச் சலித்த பாட்டு, அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது. எளிமையான பாட்டு, ஜீன். ஒரு பையன் ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறான், அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு பேர் ஏன் இத்தனை வருஷம் அழுகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது, நானும் அவர்களோடு சேர்ந்து அழுதேன்.

நீ கேட்டாய். நான் சொன்னேன், "கேக்குது, ஜீன்" என்று. சத்தமாகத்தான் சொல்ல நினைத்தேன், பாதிதான் வந்தது. அதற்குள் அந்தச் சிவப்புக் கண்ணாடி என் கையைப் பிடித்து அழுத்தி, "உஷ்! சும்மா இரும்மா! அது அவர் சம்சாரத்துக்குன்னு விட்ட எடம்!" என்றாள். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் திரும்பி முறைத்தார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மன்னிச்சுக்குங்க" என்றேன். அவளுக்கு மனசு இளகி, "நாங்களும் முப்பது வருஷமாக் கத்தினவங்கதான். இன்னிக்கு ஒருநாள் அவளுக்கு விட்டுக் குடுப்போம், என்ன?" என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

நான்தான் அந்தச் சம்சாரம் என்று எழுந்திருக்கலாம். ஆனால் அந்த மண்டபத்தில் எவளைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். நீயோ கண்ணை மூடிக்கொண்டு, இல்லாதவளுக்காக அவ்வளவு அழகாக நின்றாய். அந்த நிமிஷத்தில் குண்டாக, நரைத்த தலையோடு நான் வந்து நின்றால் எல்லாம் கெட்டுப்போகும் என்று பட்டது. பாட்டு முடிந்ததும் வெளியே வந்தேன். கதவு வழியாகப் பார்த்தால் உன்னைச் சுற்றிக் கூட்டம், யார் யாரோ உன்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். காத்திருந்தேன். கூட்டம் கலையவில்லை, எனக்கும் தைரியம் வரவில்லை. அன்றைக்கு உன் பக்கம் தப்பே இல்லை. நீ கேட்டாய், நான்தான் விட்டுவிட்டேன். அதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

இன்னொரு தடவை அப்படிக் கிளம்புவேனா என்று தெரியவில்லை. பொய் சொல்ல விருப்பமில்லை, கிளம்பமாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள். ஜூடி சொல்வதைக் கேள்.

ஜூடிக்கும் தெரியாத ஒன்றை உனக்கு மட்டும் சொல்கிறேன். கிளினிக்கில் லீவு கேட்கவில்லை, என் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். நான் அங்கே வந்தது ஒருவழி டிக்கெட்டில், ஜீன். திரும்புகிற டிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வாங்கினேன்.

நோரீன்