தகர மூடியும் மதினியின் பேரும்

கோபம் ஆறாமல் எழுதுகிறேன் மதினி,

உங்கள் மூன்று பெட்டியிலும் தேனீக்கள் நன்றாக இருக்கின்றன. இதை முதலில் சொல்லாவிட்டால் மிச்சத்தைக் காதில் வாங்க மாட்டீர்கள். பங்குனி பாதிகூட ஆகவில்லை, அதற்குள் கரிசல் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. வேம்பு பூத்திருக்கிறது. அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடுகிறார். என்ன, உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் சொல்வதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை, நம் மகளிர் குழுவுக்குத் தேன்பெட்டி கொடுத்த அதிகாரி வந்தார். உங்களுக்குப் பிறகு நான்தான் தலைவி என்பதால், ஒரு டைப் அடித்த தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பத்துப் பெட்டியில் ஏழு காலி. பழைய தலைவி மூடிகளில் கண்ட குப்பையையும் அடைத்து, மற்றவர்களையும் கெடுத்ததால் ஈக்கள் ஓடிவிட்டன. ஆகவே பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. உங்கள் பேருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று மட்டும் மரியாதையாகப் போட்டிருந்தார்கள்.

எனக்கு உச்சந்தலை பற்றிக்கொண்டு வந்தது. எது குப்பை மதினி?

அந்தப் பெட்டிகள் எப்படி வந்தன என்று நமக்குத் தெரியாதா? மெல்லிசான பலகை, மேலே தகரம் அடித்த மூடி. எந்த மலையோரத் தோப்புக்காகவோ செய்ததை, நிழலுக்கு ஒரு மரமில்லாத நம் புஞ்சையில் கொண்டுவந்து வைத்தார்கள். சித்திரை வெயில் ஏறினதும் உள்ளே தேனடை இளகித் தொங்கியது. மூடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். "ஏட்டி செல்வி, இங்கன தொட்டுப் பாரு. தோசக்கல்லாட்டம் சுடுது. உள்ள எம்புட்டுப் பிள்ளைய கெடக்கு."

அன்றைக்கே சோளத்தட்டையில் தட்டி பின்னினீர்கள். மூடிக்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டு, வெயில் அடிக்கிற மேற்குப் பக்கம் முழுக்க அது தொங்கும்படி கட்டினீர்கள். மூடியின் உள்பக்கம் சாக்குத் தைத்து, நான் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீஸில் கழித்துப்போடும் முறிந்த குச்சிகளை மெத்தை போல நிரப்பினீர்கள். பிறகு அடை அசையவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் தங்கள் பெட்டிக்கும் அதையே செய்தார்கள்.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். உங்கள் நாலாவது பெட்டிக்குக் குச்சி பற்றாமல் போனபோது, அவசரத்தில் நான் வேறொரு மூட்டையிலிருந்து அள்ளி வந்தேன். அது மெழுகில் முக்கிய குச்சி. மருந்து வைப்பதற்கு முன்னால் மெழுகில் முக்குவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? எல்லாம் குச்சிதானே என்று இருந்துவிட்டேன். உச்சி வெயிலில் மெழுகு உருகிச் சாக்கு வழியாக அடைமேல் சொட்டியது. ஈ மொத்தமும் கிளம்பி, ஓடைக்கரை உடைமுள் மரத்தில் கொத்தாகத் தொங்கி, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது.

குழுக் கூட்டத்தில் கேட்டபோது "நாந்தான் பாக்கல" என்றீர்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனாராக உங்களோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன்! பேச வேண்டிய அந்த ஒரு நாள் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் இதே அதிகாரி வந்து, தட்டி தொங்குவதால் பெட்டி எண் மறைகிறது என்றார். தட்டி, அடைப்பு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த திட்டத்தில் பேர் இருக்காது என்று மிரட்டினார். மற்றவர்கள் பயந்து பிரித்துப்போட்டார்கள். நீங்கள் மட்டும் அரிவாளை எடுத்து, எண் இருக்கிற இடத்தில் ஒவ்வொரு தட்டியிலும் ஒரு சின்ன ஜன்னல் வெட்டினீர்கள். அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் பிரித்துப்போட்ட ஆறு பெட்டியும் காலி. உங்கள் மூன்றும் நின்றன. ஐப்பசியில் காய்ச்சல் வந்து நீங்கள் போனீர்கள். போனவள் தலையில் கட்டினால் கேட்க ஆளில்லை என்று எத்தனை துணிச்சல்!

கையெழுத்துப் போட மாட்டேன் என்றதும் அந்த மனிதர் சொன்னதைக் கேளுங்கள். "போய்ச் சேர்ந்தவங்க பேர்லதானம்மா இருக்கு. உங்களுக்கு என்ன நஷ்டம்?"

நான் அவரைப் புஞ்சைக்கு அழைத்துப் போனேன், குழுவும் பின்னாலேயே வந்தது. உச்சி நேரம். காலிப் பெட்டியின் தகரத்தில் கை வைக்கச் சொன்னேன். வைத்த வேகத்தில் உதறினார். உங்கள் தட்டிக்கு அடியில் மூடியைத் தொடச் சொன்னேன். வைத்த கை வைத்தபடி இருந்தது.

"கை நெசத்தச் சொல்லுதுல்லா சார்? தாள்லயும் அதையே எழுதுங்க," என்றேன்.

நேரமாகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் முத்தம்மாள் முன்னால் வந்தாள். போன வருஷம் தட்டியை முதலில் பிரித்தவள் அவள்தான். "நீங்க எடுக்கச் சொன்னிய, நாங்க எடுத்தோம். செத்தவ என்ன செஞ்சா?"

தாளை வாங்கி, உங்களைக் குற்றம் சொன்ன வரிகளைக் கோடு போட்டு அடித்தேன். கீழே என் கையால் எழுதினேன்: ஒரு பெட்டி காலியானது செல்வி கொண்டுவந்த மெழுகுக் குச்சியால், ஆறு காலியானது தட்டியைப் பிரிக்கச் சொன்னதால். குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், இரண்டு பேர் கைநாட்டு. இப்படியொரு தாளை ஆபீஸில் வாங்க மாட்டார்கள் என்று முணுமுணுத்தபடியே மடித்துப் பையில் வைத்தார். பெட்டிகளை எடுக்க அடுத்த மாதம் வண்டி வருமாம்.

வரட்டும். அதற்குள், மறுபடி ஈ குடியேற வாகாக, பத்துப் பெட்டிக்கும் தட்டி பின்னி முடித்துவிடுவோம், இது சத்தியம். ஒவ்வொரு குச்சியையும் நகத்தால் கீறிப் பார்த்துத்தான் அடைக்கிறேன். நீங்கள் வெட்டிய ஜன்னல்களுக்குள், பெட்டி எண்ணுக்குக் கீழே, பெயிண்டில் உங்கள் பேரை எழுதியிருக்கிறேன். 'காலஞ்சென்ற' எல்லாம் இல்லை, வெறும் பேர். இனி எண்ணைப் பார்க்க எவர் குனிந்தாலும் உங்கள் பேரைப் படிக்காமல் நிமிர முடியாது.

அன்றைக்கு வாய் திறக்காத, இனி மூடப்போகாத
உங்கள் நாத்தனார்
செல்வி